ராணிகளின் சாமான்களும் அக்காவின் பஞ்சாயுதமும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடாது. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். வாசிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

இதை எழுதச் சொன்னவர் இங்கே மொன்றியலில், கர்க்லாண்டுப் பக்கம் இருக்கும் டொக்டர் அம்மா. மதுரைப் பக்கத்தவர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக ஒவ்வொரு வருடமும் ஒரு மலர் வெளியிடுகிறார். கோயிலில் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சின்னராசா சார், நீங்க அருங்காட்சியகத்துல வேலை பாத்தீங்களாமே? அதைப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க.”

“எனக்கு எழுத வராது அம்மா. நூதனசாலையிலை நான் பெட்டி அடிச்சனான், சாமான் தூக்கினனான். அவ்வளவுதான்.”

“நூதனசாலையா? நூதனம்னா புதுசு இல்லையா? பழசையெல்லாம் வெச்சிருக்கற இடத்துக்கு இப்படி ஒரு பேரா!” என்று சிரித்தார். “இந்த மாதிரியே எழுதுங்க. பிழையை நான் பாத்துக்கறேன்.”

நான் தலையாட்டினேன். எனக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். தலையாட்டினால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். டொக்டர் அம்மா விடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை செய்த பகுதி இப்போது இல்லை. பெட்டி செய்வதையும் சாமான் எடுத்துவைப்பதையும் வெளியே ஒரு கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். தூக்கித் தூக்கி இடுப்பில் விழுந்த நாரிப் பிடிப்போடு நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே பார்த்தவற்றில் ராணிகளின் கண்காட்சி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அது நடந்த பனிக்காலத்தில்தான் என் அக்கா தன்னிடம் இருந்த ஒரேயொரு பொருளை மகளுக்குக் கொடுக்க வழி தெரியாமல் இருந்தார். இரண்டும் எனக்குள் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. பிரித்து எழுத எனக்குத் தெரியாது.

நான் வேலைக்குப் போன கதை சிறியது. சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது, ஏஜென்சிக்காரர் என்னைப் பட்டணத்துக்குள் ஒரு நூதனசாலைக்கு அனுப்பினார். சில நாட்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னார். நிலக்கீழ் அறை. நீளமான மேசைகள், பலகை வாசனை, உயரத்தில் ஒரு சிறிய ஜன்னல். ஜன்னலில் நடந்துபோகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். பனி கொட்டும் நாளில் அதுவும் தெரியாது. அறை முழுவதும் பால் நிறமான ஒரு வெளிச்சம் நிற்கும்.

முதல் நாளே ஒரு சங்கடம். மார்செல் என்று ஒரு வேலையாள். பெரிய வயிறு, பெரிய சிரிப்பு. பெட்டிக்குள் வைக்கும் ஸ்பொஞ்சை வெட்டிக்கொண்டிருந்தவர், என் பக்கம் இருந்த கத்தியைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன். அவர் மறுபடியும் கையை நீட்டினார். நான் கத்தியை அவர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

“என்ன, எனக்குத் தொற்றுநோயா?” என்று பிரெஞ்சில் கேட்டாராம்; அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு போன்ஜூர், மெர்சி இரண்டும்தான். எங்கள் ஆட்கள் கத்தி, ஊசி, உப்பு, மிளகாய் ஒன்றையும் கைக்குக் கை கொடுக்கமாட்டோம், கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும், வைத்தால் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளங்கப்படுத்துவது? “மெர்சி” என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தேன்.

அறையின் மறுபக்கத்தில் எங்கள் மேலாள் நின்றிருந்தார். மதாம் ஒடெத். ஐம்பது வயது தாண்டிய, மெலிந்த பெண். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பளிக் காலுறையோடுதான் வேலை செய்வார். அவர் நடந்தால் சத்தம் கேட்காது. என்னிடம் வந்தார். கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பொன்,” என்றார். நல்லது என்று அர்த்தம். “இவர் இருக்கட்டும்.”

பிறகுதான் விளங்கியது. அந்த அறையின் சட்டமும் அதுதான். எந்தப் பொருளும் கைக்குக் கை மாறக்கூடாது. ஒருவர் மேசையில் வைக்கவேண்டும். இரண்டு கைகளையும் எடுக்கவேண்டும். ஓர் அடி பின்னால் போகவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர் கிட்ட வந்து எடுக்கலாம். கைக்குக் கை மாறும்போது ஒரு கணம் இருக்கிறதாம். கொடுப்பவர், அவர் பிடித்துவிட்டார் என்று நினைப்பார். வாங்குபவர், இவர் இன்னும் விடவில்லை என்று நினைப்பார். அந்தக் கணத்தில் பொருள் இரண்டு பேரிடமும் இல்லை. மதாம் ஒடெத் இதை ஒரு வார்த்தையில் சொல்வார்: “லா தாபிள் தாபோர்.” முதலில் மேசை.

எங்கள் சாத்திரத்துக்கும் அவர்கள் சட்டத்துக்கும் காரணம் வேறு. செய்வது ஒன்று. அதனால் எனக்கு அந்த அறை முதல் கிழமையிலேயே பழகிவிட்டது. ஒருவரும் கதைக்கத் தேவையில்லாத வேலை. என்னைப்போன்ற கூச்சக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

மதாம் ஒடெத் ஒருநாளும் “கவனம்” என்று சொல்லமாட்டார். அந்தச் சொல்லைக் கேட்டால் கை பயந்துவிடுமாம். ஒரு பொருளைத் தொடுமுன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். எங்கே கனம், எங்கே பழைய முறிவு, எங்கே தாங்கவேண்டும் என்று கண்ணால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கொண்டுவருவார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அவர் கிசுகிசுத்தால் மார்செலே பகிடியை நிறுத்திவிடுவார். மற்ற நேரமெல்லாம் மார்செலுக்குப் பகிடிதான். என் பெயரில் ராசா இருப்பதன் அர்த்தத்தை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் அறைக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுவார்.

“மன்னர் வந்துவிட்டார். மாட்சிமை பொருந்திய மன்னரே, அந்த ஆணிப் பெட்டியை எடுத்து வாருங்கள்.”

ராணிகள் வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடங்கிய பனிக்காலத்தில். ஐரோப்பாவில் பல நூறு வருடங்களுக்கு முன் இருந்த ராணிகள் ஆசையாக வைத்திருந்த பொருள்களையும், சாகுமுன் எழுதிக்கொடுத்த பொருள்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி. பெட்டிகள் விமானத்தில் வந்து, லொறியில் வந்து, எங்கள் அறையில் இறங்கின. உடனே திறக்கக்கூடாது. வெளிக்குளிரில் வந்த பெட்டி அறையின் சூட்டுக்குப் பழகும்வரை மூடியபடியே கிடக்கவேண்டும். “களைத்து வந்திருக்கிறார்கள். தூங்கட்டும்,” என்றார் மதாம் ஒடெத். நாங்கள் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வெளியே வந்தோம்.

மறுநாள் நான் மற்றவர்களுக்கு முன்னமே வந்து, பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் இருந்தேன். ஜன்னலில் பனி ஏறியிருந்தது. வெண்மையான அந்த அமைதியில் பெட்டிகளுக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல எனக்குத் தோன்றியது. கடல் தாண்டி வந்து தெரியாத ஊரில் தூங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் அசையாமல் இருந்தேன்.

திறந்தபோது உள்ளே இருந்தவை பெரிய சாமான்கள் அல்ல. ஒரு தந்தச் சீப்பு. ஒரு வெள்ளிக் கிண்ணம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு செபப் புத்தகம். ஒரு மோதிரம். ஒரு பட்டு இடுப்புப்பட்டி. ராணிகளின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. சீப்பு ராணி, கிண்ண ராணி, பட்டி ராணி என்று எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். பொருளைத் தூக்கி எடுத்த பிறகு ஸ்பொஞ்சில் அதன் வடிவம் பள்ளமாக இருக்கும். ராணி எழும்பிப்போன படுக்கைபோல.

சாப்பாட்டு நேரத்தில் மதாம் ஒடெத் அப்பிள் கடித்தபடி, கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கவேண்டிய அட்டைகளை எனக்காக மெதுவாக வாசிப்பார். என் பிரெஞ்சு அப்படித்தான் வளர்ந்தது. சீப்பு ராணி தன் சீப்பைத் தனக்குத் தலை வாரிய பெண்ணுக்கு எழுதியிருந்தாள். கிண்ண ராணி கிண்ணத்தைக் கோயிலுக்குக் கொடுத்தாள். இன்னொருத்தி தன் கட்டில், திரைச்சீலை, தலையணை எல்லாவற்றுக்கும் ஆள் குறித்துவிட்டு, கடைசியில் தன்னைப் பராமரித்தவளுக்கு ஒரு மேலங்கி எழுதியிருந்தாள்: புதியது இல்லை, பூச்சி அரித்தது என்று தெளிவாகச் சொல்லியே.

“என் அத்தை எனக்கு ஒரு குளிர்ப்பெட்டி எழுதிவைத்தாள்,” என்றார் மார்செல். “அது வேலை செய்யாது என்று அவள் எழுதவில்லை. ராணிகள் நேர்மையானவர்கள்.”

எங்கள் ஆட்கள் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று மூன்றாகப் பார்ப்பார்கள். முன்னோர் வழி வந்தது, கலியாணத்தில் கொண்டுவந்தது, இருவருமாகத் தேடியது. அந்த அட்டைகளைக் கேட்கக் கேட்க, அந்த ராணிகளும் அப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இது என் தாயுடையது, இது நான் என் நாட்டிலிருந்து கொண்டுவந்தது, இது எனக்கு இங்கே கிடைத்தது. வெளியே வெள்ளையாகக் கிடந்த தெருவைப் பார்த்தபடி, இவர்களெல்லாம் எனக்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள் என்பதுபோல இருந்தேன்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் தவராணி. வீட்டில் எல்லாருக்கும் ராணி. சென்ட் லோரன்டில் ஒரு மாடி வீட்டில் இருந்தார். யுத்தத்தில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து வந்தபோது காணி, வீடு, நகை எல்லாம் போய்விட்டன. ஒரு பஞ்சாயுதம் மட்டும் உள்பாவாடை மடிப்புக்குள் தைத்தபடி கடல் தாண்டி வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று ஐந்து ஆயுதங்களைச் சின்னதாகப் பொன்னில் செய்து, பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது தீட்டு, கழிக்கும்போது கழுத்தில் போடுவோம். காவலுக்கு. எங்கள் அம்மா போட்டது, அக்கா போட்டது, நான் போட்டது, அக்காவின் மகள் வதனி போட்டது எல்லாம் அந்த ஒன்றைத்தான்.

கண்காட்சி திறக்க இருந்த நாட்களில் வதனிக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அதே மாதத்தில் அக்காவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள்.

“தம்பி, நெஞ்சைத் திறக்கப் போறாங்களாம். திறந்தால் திரும்பப் பூட்டுவாங்களோ தெரியாது,” என்றார் அக்கா.

“உப்பிடிக் கதையாதையுங்கோ அக்கா.”

“நான் பயப்பிடேல்லை. இது வதனியின்ரை பிள்ளையின்ரை கழுத்திலை ஏறவேணும். அதுக்குப் பேந்து என்னவும் நடக்கட்டும்.” சின்னத் துணிப்பையைத் திறந்து காட்டினார். “பார், நீ சூப்பிச் சூப்பி வில்லை வளைச்சு வைச்சிருக்கிறாய்.”

“வில்லு வளைஞ்சுதானே அக்கா இருக்கும்.”

“ஓமோம், வாயை விட்டால் நீதான்,” என்று சிரித்தார். பிறகு பையை மூடினார். சிரிப்பும் அதோடு மூடிக்கொண்டது.

ஏனென்றால் தாயும் மகளும் கதைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வதனி இங்கே படித்தவள். அக்கா அவளைக் கணக்காளர் ஆக்கவேண்டும் என்று கனவு கண்டார். அவள் படிப்பை நிறுத்திவிட்டு, கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போனாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அக்கா மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வதனிக்குக் கலியாணம் வந்தபோது, நகைப்பேச்சு நடந்த இடத்தில், நான் முன்னால் இருக்கவே சொன்னார்:

“நான் தாறதைப் போட்டுக்கொண்டு போனால்தான் சபையிலை உன்னை மதிப்பினம். இல்லாட்டி, மற்றவையின்ரை பிள்ளையளின்ரை மூக்குத் துடைக்கிற உனக்கு என்ன மதிப்பு?”

வதனி எழுந்து நின்றாள். “இனி உங்கடை கையாலை ஒரு பொருளும் வாங்கமாட்டன் அம்மா,” என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாப்பிள்ளை வாங்கிய தாலியோடு கோயிலில் கலியாணம் நடந்தது. அவள் கழுத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. அக்கா கூட்டத்தில் கடைசியாக நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அதனால் அக்கா என்னைக் கேட்டார்: நீ கொண்டுபோய்க் கொடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவுக்கு ரயிலில் போனேன். வதனியின் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். வதனி தேத்தண்ணி தந்தாள். நான் துணிப்பையை எடுத்தேன். பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“மாமா, தேத்தண்ணியைக் குடியுங்கோ. உதைத் திருப்பிக் கொண்டுபோங்கோ.”

“பிள்ளைக்கெல்லே இது.”

“அவவின்ரை கையாலை வாங்கமாட்டன் எண்டு சொன்னனான்.”

“நான்தானே தாறன்.”

“நீங்கள் அவவின்ரை கைதானே மாமா.”

“இன்னும் கோபமோ?” என்று கேட்டேன்.

“கோபமெல்லாம் எப்பவோ போட்டுது. சொன்ன சொல்லுத்தான் போகேல்லை.” பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் இப்ப வாங்கினால், அண்டைக்கு அவ சொன்னது சரி எண்டாயிடும். ஒப்பரேஷன் எப்பவாம்?”

சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பிவரும் ரயிலில் பஞ்சாயுதம் என் சட்டைப் பையில் நெஞ்சோடு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே வயல்போலப் பனி. நான் எந்த ஊருக்குப் போகிறேன் என்பதே மறந்துவிட்டது.

அந்தக் கிழமையில்தான் இடுப்புப்பட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். என் வேலைக்காலத்தில் அதைவிடக் கடினமான வேலை வரவில்லை.

பட்டி ஒரு மனிதரின் உயரத்தைவிட நீளம். மஞ்சளாக மங்கிய பட்டு. இடைக்கிடை வெள்ளிப் பூக்கள். வெள்ளி கனம், பட்டு நூல் பழையது. ஓரிடத்தில் சில இழைகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தன. தூக்கினால் தன் பாரத்திலேயே அறுந்துவிடும். மதாம் ஒடெத் காலை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு மெல்லிய தாளை அதன் கீழே விரல் விரலாக நுழைத்தோம். தாளின் கீழே துணி சுற்றிய பலகை. பட்டி தான் நகர்ந்ததை அறியாமலே பலகைக்கு வந்துவிட்டது.

மார்செல் ஒரு முனை, நான் ஒரு முனை. மேல் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். சக்கரம் வைத்த மேசை எங்களோடு வரவேண்டும். ஆனால் மண்டப வாசலில் மின்வேலைக்காரர்கள் வயர் போட்டிருந்தார்கள். மேசை அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் கவனிக்காமல் கண்ணாடிப் பெட்டிவரை போய்விட்டோம்.

பெட்டிக்கு அருகில் பட்டியோடு கூட வந்தவர் நின்றார். பட்டியைச் சொந்தமாக வைத்திருக்கும் நூதனசாலையின் ஆள். நரைத்த தலை, உயரம். தங்கள் நாட்டிலிருந்து அதன் பக்கத்திலேயே இருந்து வந்தவர். இரண்டு கைகளையும் நீட்டினார்.

“கொடுங்கள்.”

நான் கொடுக்கவில்லை.

“கொடுங்கள், மிஸ்யூ. உங்கள் பக்கம் தாழ்கிறது.”

உண்மைதான், என் பக்கம் தாழ்ந்துகொண்டிருந்தது. என் நாரி பிடித்துவிட்டது. ஆனால் மேசை இல்லை. ‘முதலில் மேசை’ என்ற சொல் எனக்குப் பிரெஞ்சில் தெரியும், நெஞ்சுக்குள் நின்றது, வாய்க்கு வரவில்லை. அந்நியரின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. அதனால் பட்டியைப் பார்த்தேன். பட்டியின் உட்பக்கம், இடுப்பில் படும் இடம், மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது. ஒரு பெண்ணின் உடம்புச் சூடு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் நான் மண்டபத்தில் இல்லை. வேறெங்கோ, யாரோ ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் அறையில் நின்றேன்.

பிறகு சக்கரச் சத்தம் கேட்டது. மதாம் ஒடெத் மறுபக்க வாசலால் சுற்றி, கம்பளிக் காலுறையோடு, மேசையைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். பலகையின் கீழே மேசையைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாங்கள் இறக்கினோம். கைகளை எடுத்தோம். ஓர் அடி பின்னால் போனோம். அந்த உயர்ந்த மனிதர் உடனே வரவில்லை. அவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு பட்டியை எடுத்துக் கிடத்தினார். எவ்வளவு அழகாகச் செய்தார்!

“எங்களிடமும் இதே சட்டம்தான்,” என்று என்னிடம் சொன்னார். “வழி முழுக்க இதோடு வந்தேன். நித்திரை இல்லை. என் கைகளுக்கு அவசரம் வந்துவிட்டது.” சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா இனிப்பை எடுத்தார். சிரித்துக்கொண்டே அதை மேசையில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போனார். நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மதாம் ஒடெத் அந்தப் பட்டியின் அட்டையை வாசித்தார். இந்த மாதிரிப் பட்டிகளைப் பிள்ளை பெறும் நேரத்தில் காவலுக்குக் கட்டுவார்களாம். பட்டி ராணி இதைத் தன் மகளுக்கு எழுதிவைத்தாள். மகள் தூரதேசத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

“மகள் கட்டினாளா?” என்று கேட்டேன். நானாகக் கேட்ட கேள்விகள் குறைவு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியாது. எழுதியவளுக்கும் தெரிந்திருக்காது.” அப்பிளின் நடுப்பகுதியைத் தாளில் சுற்றினார். “வைப்பது சுலபம், மிஸ்யூ ராசா. புதிதாக வருகிறவர்களுக்கு நான் பழக்குவதெல்லாம் கையை எடுப்பதற்குத்தான்.”

வீட்டுக்குப் போகவில்லை. நேரே அக்காவிடம் போனேன்.

“அக்கா, நாளைக்கு முப்பத்தோராம் நாள். சீலையை உடுத்துக்கொண்டு நில்லுங்கோ.”

“கூப்பிடாத வீட்டுக்கு நான் ஏன் வாறன்?”

“நான் கூப்பிடுறன்.”

“அவள்தான் என்ரை கையாலை வாங்கமாட்டாளே.”

“நீங்கள் கையிலை குடுக்கத் தேவையில்லை,” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சீலைப் பெட்டியை இழுத்தார்.

வதனிக்கு ரெலிபோன் எடுத்தேன். “மாமா வாறன். ஓராள் கூட வருவா.” “தெரியும். வாங்கோ,” என்றாள்.

ரொக்ஸ்பரோ வீட்டுச் சமையலறையில் ஒரு சதுர மேசை. அக்கா ஒரு பக்கம் நின்றார். வதனி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார்கள். நான் மேசையைத் துடைத்தேன். ஒரு வெள்ளைத் துணியை விரித்து மடிப்பெல்லாம் போகத் தடவினேன். வேலையில் செய்வதுபோலவே செய்தேன்.

“அக்கா, இதிலை வையுங்கோ.”

அக்கா பஞ்சாயுதத்தைப் பையிலிருந்து எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். அதன்மேல் வைத்த கை அப்படியே இருந்தது.

“கையை எடுங்கோ அக்கா.”

எடுக்கவில்லை. விரல்கள் மூடிக்கொண்டன. கடலிலும், முகாமிலும், விமானத்திலும் மூடியே பழகிய கை. “அவள் எடுக்காட்டி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எடுக்கமாட்டாளோ என்ற பயம் எனக்கும் இருந்தது. வதனிதான் கதைத்தாள், என்னிடம்.

“மாமா, உங்கடை வேலையிலை இதுக்கு என்ன சொல்லுறவை?”

“லா தாபிள் தாபோர்.”

என் பிரெஞ்சைக் கேட்டு வதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அக்கா கேட்டார். கையை எடுத்தார். ஓர் அடி பின்னால் போனார். இன்னோர் அடியும் போய்ச் சுவரோடு நின்றார்.

வதனி மேசைக்கு வந்தாள். துணியிலிருந்து பஞ்சாயுதத்தை எடுத்தாள். “உங்கடை கையாலை வாங்கேல்லை,” என்றாள், தாயைப் பார்த்து.

“ஓம். மேசையிலை கிடந்தது,” என்றார் அக்கா.

பிள்ளையின் கழுத்தில் அதைப் போட்டபோது அவன் தும்மினான். அக்கா சுவரை விட்டு ஓடிவந்து சீலைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைத்தார். வதனி அதற்காகவே காத்திருந்தவள்போலச் சொன்னாள்:

“பாருங்கோ மாமா, அம்மா மற்றவையின்ரை பிள்ளையின்ரை மூக்குத் துடைக்கிறா.”

“மற்றவையோ? ஆற்றை பிள்ளை இது! என்ரை பேரன்!” என்றார் அக்கா. அப்போதுதான் அழுதார்.

அக்காவின் நெஞ்சைத் திறந்தார்கள், பூட்டினார்கள். அதற்குப் பிறகு பேரனைக் குளிக்கவார்ப்பது எப்படி என்று மகளோடு தினமும் சண்டை பிடிக்குமளவுக்குச் சுகமாக இருந்தார். கண்காட்சி முடிந்து ராணிகள் தங்கள் பெட்டிகளில் தூங்கியபடி திரும்பிப் போனார்கள்.

முடிவதற்கு முன் டொக்டர் அம்மாவும் வந்து பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. கோயிலில் ஒருநாள் சொன்னார்: “நம்ம சோழ ராணிங்க கோயிலுக்கு அணையா விளக்கு எழுதி வெச்சிருக்காங்க. நெய்க்கு ஆடு விடுவாங்க. ‘சாவா மூவாப் பேராடு’ன்னு கல்லுலயே இருக்கு. ஒரு ஆடு செத்தா குட்டி அந்த இடத்துக்கு வந்துடும். மந்தை குறையவே குறையாது.” அதைக் கேட்டதிலிருந்து பனி கொட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடுகள் தெரிகின்றன. சாகாமல், கிழடாகாமல், வெள்ளையாக, தெருவை நிறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போகின்றன.

போன வருடம் இலைதளிர் காலத்தில் அக்கா போய்விட்டார்.

வதனிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. பெண். இன்றைக்கு முப்பத்தோராம் நாள். நான் காலையிலேயே ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். அதே மேசையைத் துடைத்து வெள்ளைத் துணியை விரித்தேன். பஞ்சாயுதம் இத்தனை நாளும் வதனியிடம்தான் இருந்தது. அப்படியே எடுத்துப் பிள்ளைக்குப் போட்டிருக்கலாம். அவள் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, அக்கா நின்ற பக்கத்தில் போய் நின்றாள். பஞ்சாயுதத்தைத் துணியில் வைத்தாள். கையை எடுத்தாள். ஓர் அடி பின்னால் போனாள். கொஞ்சநேரம் அப்படியே நின்றாள்.

பிறகு மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்து, குனிந்து, அதை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டொக்டர் அம்மா தந்த தாள்களை எடுத்துவைத்து இதை எழுதினேன்.

சென்ட் லோரன்ட், மொன்றியல்
12 மார்கழி 1999, ஞாயிற்றுக்கிழமை